தோலும் கேட்கும், கையும் பாடும்

1946-ல் இன்றைய வடசென்னையின் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் தயாரிக்கத் தொடங்கினார். பின்னாளில் டயருக்குப் பெயர்போன எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் முதல் சரக்கு அதுதான். அதே வட்டாரத்தில், இன்று விம்கோ நகர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஏதாவது ஒரு பெட்டிக்கடையில் பலூன் ஒன்று வாங்கி, காது கேளாத குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். அது இசைக்கருவியாகிவிடும்.

செய்து பார்ப்பது சுலபம். பலூனை நன்றாக ஊதிக் கட்டுங்கள். குழந்தை இரண்டு உள்ளங்கையாலும் அதை அழுத்தாமல் ஏந்திக்கொள்ளட்டும். எதிரே உட்கார்ந்து, பலூனுக்கு மிக அருகில் வாயை வைத்து 'ம்ம்ம்' என்று கீழ்க்குரலில் இழுங்கள். பலூனின் மெல்லிய ரப்பர் காற்றின் அதிர்வை வாங்கித் தானும் அதிரும். அந்த அதிர்வு குழந்தையின் விரல் நுனிக்குப் போய்ச் சேரும். குரலை நிறுத்தினால் அதிர்வும் நிற்கும். குரலின் சுருதியை உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதிர்வு மங்கி மறையும். அருகில் ஒருவர் டோலக் அடித்தால் ஒவ்வொரு அடியும் கையில் தனித்தனியாகத் தட்டும். ஒலி எழுவதும் அடங்குவதும், மேலும் கீழுமாகப் போவதும், கால இடைவெளி விட்டு வருவதும் இசைப் பாடத்தின் முதல் பாடங்கள். அவை காது வழியாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். 'அவனுக்கு எதுக்குங்க பாட்டு? முதல்ல ரெண்டு வார்த்தை பேசட்டும்' என்பது ஒன்று. 'இசை கேட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது மற்றது. இரண்டுமே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். முதலாவது இசையை அவனிடமிருந்து பறிக்கிறது. இரண்டாவது இசையை மாத்திரை ஆக்கிவிடுகிறது. கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியைக் கூர்ந்து படித்தால் கிடைக்கும் பதில் வேறு: இசையைப் பாடமாகவே கற்றுக்கொடுங்கள், ஒழுங்காகத் திட்டமிட்டுக் கற்றுக்கொடுங்கள், எந்தப் பிள்ளையும் அதிலிருந்து விலக்கப்பட வேண்டியதில்லை.

தோலுக்கு எட்டும் சுருதி

மனிதக் காது சுமாராக 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை உணரும். தோலின் எல்லை அதைவிட மிகச் சிறியது. ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தோலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் தோலுக்கு அடியில் பாசினியன் உறுப்புகள் என்னும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. அவை மிகக் கூர்மையாக உணர்வது 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை. பெண்கள் வழக்கமாகப் பாடும் 5 கட்டை சுருதியின் ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். தம்புராவும் தவிலும் பறையும் எழுப்பும் ஒலியில் கணிசமான பகுதி தோலுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

தோலில் பட்ட அதிர்வு மூளையில் எங்கே போகிறது என்பது இன்னும் வியப்பானது. 2001-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் ஷிபாட்டா, காது கேளாத மாணவர்களின் கையில் அதிர்வு கொடுத்து அவர்களின் மூளையைப் படம் பிடித்தார். காது கேட்பவர்களின் மூளையில் ஒலிக்கென்று வேலை செய்யும் பகுதி, இவர்களிடம் கையதிர்வுக்கு வேலை செய்தது. ஒலி வராததால் அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. வந்த அதிர்வை ஏற்றுக்கொண்டு தன் வேலையைச் செய்தது.

ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளென்னி இதை வாழ்ந்து காட்டியவர். 12 வயதுக்குள் அவருக்குச் செவித்திறன் பெரும்பாலும் போய்விட்டது. பள்ளியில் தாள வாத்தியம் கற்றுக்கொடுத்த ரான் ஃபோர்ப்ஸ் அவரை வகுப்பறைச் சுவரில் கை வைத்து நிற்கச் சொல்லி, பெரிய டிம்பனி மேளங்களை வாசித்தார். எந்த ஒலி உடம்பில் எங்கே தெரிகிறது என்று அந்தச் சிறுமி தேடிக் கண்டுபிடித்தாள். கீழ்ச்சுருதி காலிலும் இடுப்பிலும், மேல்சுருதி முகத்திலும் கழுத்திலும் தெரிந்தது. உலகம் முழுக்கக் கச்சேரி செய்யும் கிளென்னி இன்றும் மேடையில் செருப்பில்லாமல் நிற்பார். காரணம் இதுதான்.

நமக்கு இன்னும் பக்கத்திலும் ஒரு முயற்சி உண்டு. இலங்கையைச் சேர்ந்த சுரங்க நாணயக்கார, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபோது ஒரு நாற்காலியை உருவாக்கினார். கை வைக்கும் இடம், கால் வைக்கும் இடம், முதுகு சாயும் இடம் என எல்லாம் பாட்டுக்கேற்ப அதிரும். இலங்கையில் காது கேளாத பிள்ளைகளை அதில் உட்காரவைத்துச் சோதித்தார். 2009-ல் வெளியான முடிவு: திரையில் வண்ண வண்ணமாகக் காட்டிய படத்தைவிட உடம்பில் ஏறிய அதிர்வே பிள்ளைகளுக்கு இசையை அதிகம் அனுபவிக்கக் கொடுத்தது.

நம் வகுப்பறைக்கு அந்த நாற்காலி வேண்டியதில்லை. சிமென்ட் தரை அதிர்வை விழுங்கிவிடும். மர பெஞ்சு அதைக் கடத்தும். ஒரு பெஞ்சின் ஒரு முனையில் பிள்ளையை வெறுங்காலோடு உட்காரவைத்து, மறுமுனையில் பறையையோ டோலக்கையோ பெஞ்சைத் தொட்டபடி வைத்து அடித்தால் போதும். உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். உட்செவியில் இயற்கையாக இருக்கும் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் செய்யும் வேலையைப் பெரும்பாலும் 22-க்கு மிகாத மின்முனைகள் அங்கே செய்கின்றன. அதனால் சுருதி வேறுபாடு அவர்களுக்கு மங்கலாகவே தெரியும். தாளம் மட்டும் மற்றவர்களுக்குத் தெரிவதைப் போலவே தெளிவாகத் தெரியும். அவர்களுக்கு 'ச-ரி-க-ம'வில் தொடங்குவது தப்பான வாசல். தாளத்தில் தொடங்கினால் கதவு உடனே திறக்கும்.

ஆதி தாளத்தில் ஒரே ஒரு தட்டு

தாளம் கேட்கும்போது உடம்பு ஆடாமல் இருந்தாலும் மூளைக்குள் அசைவு தொடங்கிவிடுகிறது. 2007-ல் ஜெசிக்கா கிரானும் மாத்யூ பிரெட்டும் நடத்திய ஆய்வில், அசையாமல் படுத்துக்கொண்டு சீரான தாளத்தைக் கேட்டவர்களின் மூளையிலும் அசைவைத் தொடங்கிவைக்கும் பகுதிகள் உயிர்பெற்றன. தாளத்தைக் கேட்கும் மூளை அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே கணிக்கிறது. அந்தக் கணிப்பை ஒட்டி உடம்பு தயாராகிறது. நடை தடுமாறுபவர்களைச் சீரான தாளத்துக்கு நடக்கவைக்கும் பயிற்சியை 1990-களில் அமெரிக்காவில் மைக்கேல் தவுட் வளர்த்தெடுத்ததற்கு இதுவே அடிப்படை. பக்கவாத நோயாளிகளுக்கு வந்த அந்த முறை, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கும் நடைப்பயிற்சியில் பயன்படுகிறது.

இதற்கான கருவி நம் இசையில் ஏற்கனவே இருக்கிறது. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் எட்டு எண்ணிக்கை. முதல் எண்ணிக்கையில் தட்டு. இரண்டு, மூன்று, நான்கில் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஐந்தில் தட்டு, ஆறில் வீச்சு, ஏழில் தட்டு, எட்டில் வீச்சு. வாய் 'தகதிமி தகஜொணு' என்று சொல்ல, கை இந்த எட்டையும் போட வேண்டும். வாயும் கையும் காதும் ஒரே நேரத்தில் ஒரே கணக்குக்குக் கட்டுப்படும் பயிற்சி இது. சங்கீதம் கற்கும் எந்தப் பிள்ளையும் முதல் மாதத்தில் செய்வதுதான்.

ஒரு கை மட்டும் ஓரளவு அசையும் பிள்ளைக்கு இந்த எட்டும் ஒரே நாளில் வராது. வர வேண்டியதும் இல்லை. வகுப்பு முழுவதும் எட்டையும் போடட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு வேலை: முதல் தட்டு. எட்டாவது வீச்சு முடிந்ததும் எல்லாரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் கை மேஜையில் விழுந்தால்தான் அடுத்த ஆவர்த்தனம் தொடங்கும். கை விழக் கொஞ்சம் தாமதமானால் வகுப்பு காத்திருக்கும். சில வாரங்களில் காத்திருக்கும் நேரம் குறையும். அப்போது ஐந்தாம் எண்ணிக்கையில் வரும் தட்டையும் அவனிடம் கொடுக்கலாம். பிறகு ஏழாம் எண்ணிக்கையில் வருவதை. தாளத்தின் மூன்று தட்டும் கைக்கு வந்துவிட்டால் தாளத்தின் எலும்புக்கூடு அவனிடம் வந்துவிட்டது என்று அர்த்தம். விரல் எண்ணுவது மெல்ல வரட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவனைத் தனியே ஒரு மூலையில் உட்காரவைத்துக் கிலுகிலுப்பை கொடுத்துவிட்டு, மற்றவர்கள் பாடவில்லை. பாட்டு அவனைச் சார்ந்து நிற்கிறது. அவன் செய்வது சின்னதாக இருக்கலாம். பாட்டுக்கு அது இல்லாமல் முடியாது.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கும் தாளத்தோடு ஒரு தொடர்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜின் உஷா கோஸ்வாமி இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதை ஆராய்ந்துவருகிறார். பேச்சில் ஒவ்வொரு அசையும் எழும்பி அடங்குகிறது. அந்த எழுச்சி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைப் பிரித்தறிவதில் இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம் இருப்பதை அவர் குழுவினர் கண்டார்கள். சீரான தாளத்துக்குத் தட்டுவதிலும் இவர்கள் தடுமாறுவது உண்டு. 'பள்-ளிக்-கூ-டம்' என்று நான்கு தட்டாகப் பிரித்துச் சொல்லும் விளையாட்டு, 'தகிட' மூன்று, 'தகதிமி' நான்கு, 'தகதகிட' ஐந்து என்ற சொற்கட்டு, இவையெல்லாம் அசையைக் காதுக்கும் கைக்கும் ஒருசேரக் காட்டுகின்றன. சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகிய பிள்ளை, சொல்லுக்குள் இருக்கும் துண்டுகளைக் கவனிக்கப் பழகுகிறது.

பேச்சு போகாத வழியில் பாட்டு போகும்

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் பேசுவதற்கு முன்பே பாட்டை முணுமுணுப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, விளம்பரப் பாட்டு வந்தால் திரும்பிப் பார்க்கும். பெற்றோருக்கு இது தெரிந்த விஷயம். மூளைக்குள் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு விடை இந்தியாவிலேயே கிடைத்தது. அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் மேகா சர்தா, நந்தினி சிங் உள்ளிட்டோர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேசிய சொற்களையும் பாடிய சொற்களையும் கேட்கவைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. பேசிய சொற்களைக் கேட்டபோது மூளையின் முன்பகுதிக்கும் பக்கவாட்டுப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு பலவீனமாக இருந்தது. அதே சொற்களைப் பாடிக் கேட்டபோது அந்தத் தொடர்பு மற்ற பிள்ளைகளிடம் இருப்பதைப் போல நன்றாகவே இருந்தது.

பிறகு கனடாவின் மான்ட்ரியலுக்குப் போன மேகா சர்தா, 6 முதல் 12 வயதுள்ள 51 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு 8 முதல் 12 வாரம் பாட்டும் வாத்தியமுமாகக் கழித்தது. மற்றது இசையில்லாத விளையாட்டோடு கழித்தது. 2018-ல் வெளியான அந்த ஆய்வில் இசைக் குழுவின் பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் தொடர்பாடல் மேம்பட்டதாகச் சொன்னார்கள். மூளைப் படத்திலும் தொடர்புகள் மாறியிருந்தன. ஆட்டிசத்தின் பொதுவான அறிகுறிகள் மட்டும் குறையவில்லை.

சொற்களே வராத பிள்ளைகளிடமும் முயன்றிருக்கிறார்கள். 2011-ல் அமெரிக்காவில் கேதரின் வான், காட்ஃபிரீட் ஷ்லாக் குழுவினர், 5 முதல் 9 வயதுள்ள, பேச்சு வராத 6 பிள்ளைகளுக்கு 40 வகுப்புகள் எடுத்தார்கள். இரண்டு சுருதியில் ஒலிக்கும் இரண்டு மேளங்களைத் தட்டிக்கொண்டே ஒரு சொல்லை இரண்டு சுரத்தில் பாட வேண்டும். ஆறு பேருமே சில சொற்களை நெருங்கி உச்சரிக்கத் தொடங்கினார்கள். ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, ஒப்பிட வேறு குழுவும் அதில் இல்லை. அதனால் இதை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளலாமே தவிர உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் தனியான பலமும் உண்டு. லண்டனில் பமேலா ஹீட்டன் குழுவினர் 1998-ல் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விலங்குப் படத்தை இணைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சங்கீதம் கற்றிராத ஆட்டிசப் பிள்ளைகள், தங்களோடு ஒப்பிடப்பட்ட மற்றப் பிள்ளைகளைவிடச் சுரங்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். மாறாத ஒழுங்கில் வரும் ஒன்றைப் பிடித்துக்கொள்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நம் சரளி வரிசை அப்படிப்பட்ட ஒழுங்குதான். மாயாமாளவகௌளை ராகத்தில், படி தவறாமல் ஏறி இறங்கி, மூன்று காலத்தில் பாடப்படும் அந்தப் பாடத்திட்டத்தைப் புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்கிறது. அடுத்தது என்ன என்று பயப்படும் பிள்ளைக்கு, அடுத்தது என்ன என்று எப்போதும் தெரியும் இந்த வரிசை பெரிய ஆறுதல்.

கைபேசியில் பாட்டைப் போட்டுவிட்டு 'கேட்டுக்கிட்டே தட்டுடா' என்று விட்டுவிடுவது மட்டும் கூடாது. செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டோமசெல்லோவும் 2009-ல் இரண்டரை வயது முதலான குழந்தைகளை மூன்று விதமாக மேளம் தட்டவைத்தார்கள்: எதிரே மனிதரோடு, தானே அடிக்கும் இயந்திரத்தோடு, ஒலிபெருக்கியில் வரும் ஒலியோடு. மனிதர் எதிரே உட்கார்ந்தபோதுதான் குழந்தைகளின் தாளம் மிகச் சரியாகப் பொருந்தியது. வளரும் பிள்ளைக்குத் தாளம் என்பது இன்னொருவரோடு சேர்ந்து செய்யும் காரியம். ஆட்டிசம் உள்ள பிள்ளையும் பிள்ளைதான்.

கன்டெய்னர் லாரிகளின் ஊரில் மெல்லிய ஒலி

விம்கோ நகரில் ஒலிக்குப் பஞ்சமில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்ரயில்கள், ஆலைச் சங்கு, சாவு வீட்டுச் சட்டி மேளம், கோயில் விழாக்களின் ஸ்பீக்கர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க வழி செய்து, அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு 55, தொழிற்பகுதிக்கு 75. குடியிருப்பும் தொழிற்சாலையும் துறைமுகச் சாலையும் தோளோடு தோள் நிற்கும் இந்த வட்டாரத்தில் அந்த 50 எட்டாத எண்.

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் திடீர் ஒலி உடல்வலியைப் போலத் தாக்கும். காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்காரும் பிள்ளையை அடம் பிடிப்பதாக நினைப்பது தவறு. அப்படிப்பட்ட பிள்ளையின் எதிரே முதல் நாளிலேயே பறை அடிப்பது வன்முறை. பறை நல்ல வாத்தியம்தான், வர வேண்டிய நேரத்தில் வரட்டும். முதலில் மிக மெல்லிய ஒலி வேண்டும். விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயரைத் தாங்கிய இந்த ஊரில் அதற்கு ஒரு தீப்பெட்டியே போதும். காலிப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து அரிசி போட்டு, இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டி மூடிவிட்டால் கிலுகிலுப்பை தயார். அரிசிக்குப் பதில் பச்சைப்பயறு போட்டால் ஒலி கனக்கும், ரவை போட்டால் இன்னும் மென்மையாகும். மூன்று பெட்டியை வைத்து எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். பெட்டி பிள்ளையின் கையில் இருக்கிறது. எப்போது ஒலிக்க வேண்டும், எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பது அவன் முடிவு. ஒலி தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். பிறகு தகர டப்பா, பிறகு டோலக், தூரத்தில் வைத்த பறை, கடைசியில் பக்கத்தில் வைத்த பறை. எந்தப் படியில் நின்றாலும் அது அவனுக்கு உரிய படி. பலூன் வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளையிடம் முன்பு சொன்ன பலூன் பாடத்தையும் தவிர்த்துவிட வேண்டும்.

கை நடுங்கும் பிள்ளைக்குப் பறையின் மெல்லிய சுண்டுக்குச்சியைப் பிடிப்பது கடினம். தடித்த அடிக்குச்சியில் துணியைத் தடிமனாகச் சுற்றினால் பிடி கிடைக்கும். உள்ளங்கையோடு சேர்த்து ஒரு பட்டையில் கட்டிவிட்டாலும் நல்லது. பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொண்டால் எந்தக் கையை, எந்தக் கோணத்தில் என்று சொல்லிவிடுவார்.

மாத்திரை வேண்டாம், பாடம் வேண்டும்

'இந்த நோய்க்கு இந்த ராகம்' என்ற பட்டியல்கள் ஊரெங்கும் உலவுகின்றன. அப்படியொரு பட்டியலுக்கு நம்பத்தக்க சோதனைச் சான்று கிடையாது. நொந்துபோன பெற்றோரிடம் நம்பிக்கையைக் காசுக்கு விற்பது கொடுமை.

முறையாக நடந்த சோதனைகள் என்ன சொல்கின்றன? 2017-ல் 9 நாடுகளில், ஆட்டிசம் உள்ள, 4 முதல் 7 வயது வரையிலான 364 பிள்ளைகளிடம் இசை சிகிச்சையைச் சோதித்த பெரிய ஆய்வு வெளியானது. 5 மாதத்துக்குப் பிறகு, இசை சிகிச்சை இல்லாத பராமரிப்பைப் பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அறிகுறிகளின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2022-ல் 26 ஆய்வுகளை, மொத்தம் 1,165 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு கொஞ்சம் சாதகமாகப் பேசியது. பொதுவான முன்னேற்றமும் வாழ்க்கைத் தரமும் கூடுவதற்கு இசை சிகிச்சை அநேகமாக உதவலாம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு நிதானமான முடிவுக்கு வரலாம். இசை ஆட்டிசத்தைக் குணப்படுத்தாது. பிள்ளையின் நாளையும், வீட்டின் மனநிலையையும், பிறரோடு சேரும் தருணங்களையும் அது மாற்றக்கூடும்.

இசை சிகிச்சையாளர் வேறு, இசை ஆசிரியர் வேறு. சிகிச்சையாளருக்கென்று தனிப் பயிற்சி உண்டு. புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. பள்ளி இசை ஆசிரியர் சிகிச்சையாளராக நடிக்க வேண்டாம். அவர் இசையைச் சொல்லிக்கொடுத்தால் போதும். கணக்குப் பாடம் எந்த நோயைக் குணப்படுத்துகிறது என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது என்பதால் கற்றுத்தருகிறோம். இசைக்கும் அதே நியாயம் போதும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு நிதியிலோ அங்கீகாரத்திலோ நடக்கும் பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் சமமாகத் தர வேண்டும் என்கிறது 16-ஆவது பிரிவு. 29-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், கலைப் பாடங்களை இவர்கள் பங்கேற்கும் வகையில் மாற்றியமைக்கச் சொல்கிறது. மாற்ற வேண்டியது பாடத்தை. பிள்ளையை வெளியே அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

பார்வையற்றவருக்குத் திறந்த கதவு

பார்வையற்றவர்கள் இசை கற்பதை நம் சமூகம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. தேவாரம் பாடிய சுந்தரர் தன் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் பார்வை இழந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. குறையைத் தண்டனையாகக் காணும் பார்வை அந்தக் காலத்துடையது, அதை நாம் விட்டுவிடலாம். பார்வை போன பிறகும் அவர் ஊர் ஊராகப் பாடிக்கொண்டே போனார் என்பதை எடுத்துக்கொள்ளலாம். பிற்காலத்திலும் கும்பகோணத்து சரப சாஸ்திரிகள் (1872-1904) இருக்கிறார். சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர். பல்லடம் சஞ்சீவ ராவ் அவருடைய சீடர். குரு பாட, சீடன் கேட்டுத் திருப்பிப் பாடும் நம் பயிற்சி முறை, கண்ணை நம்பாமல் காதை நம்பியது. அதனால் பார்வையற்றவருக்கு அதில் இயல்பாக இடம் கிடைத்தது.

பாடமுறை பொருந்தினால் குறை தடையாவதில்லை என்பதே சரப சாஸ்திரிகளின் வாழ்க்கை தரும் பாடம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும் முறையை நாம் இன்னும் முழுமையாக எழுதவில்லை. இங்கிலாந்தில் ஆடம் ஆக்கெல்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 2000-களின் தொடக்கத்திலிருந்து அப்படி ஒன்றை எழுதினார்கள். கேட்பது, தானே ஒலி எழுப்புவது, பிறரோடு சேர்ந்து இசைப்பது என்று மூன்று பக்கம், ஒவ்வொன்றிலும் ஆறு படி. முதல் படியில் இருக்கும் பிள்ளைக்கு ஒலி என்ற ஒன்று இருப்பதே இன்னும் தெரிந்திருக்காது. ஆறாம் படியில் இருப்பவர் மேடையில் பாடுவார். ஆக்கெல்ஃபோர்டின் மாணவர் டெரெக் பாராவிசினி பார்வையற்றவர், ஆட்டிசமும் உள்ளவர். பியானோவில் உலகப் புகழ் பெற்றார். எல்லாரும் ஆறாம் படிக்குப் போக வேண்டியதில்லை. இன்று எந்தப் படியில் நிற்கிறான் என்று ஆசிரியர் குறித்துவைத்தால், அடுத்த பருவத்தில் எவ்வளவு நகர்ந்தான் என்று சொல்ல முடியும். மதிப்பெண் போட முடியாது என்பதற்காகப் பாடம் எடுக்காமல் விடும் சாக்கு அத்தோடு போய்விடும்.

விம்கோ நகரில் என்ன செய்யலாம்

பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பு கோட்டூர்புரத்தில் இருக்கிறது. இரண்டும் தென்சென்னைப் பக்கம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது பெரிய உதவிதான். ஆனாலும் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வாரா வாரம் நகரின் வட கோடியிலிருந்து தென் கோடிக்குப் போய்வர ஒரு மீனவத் தாயாலோ ஒப்பந்தத் தொழிலாளியாலோ முடியாது. பாடம் பிள்ளையிடம் வர வேண்டும்.

அதற்கான ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்களுக்குப் பிள்ளைகளைத் தெரியும். பகுதிநேர இசை ஆசிரியர்களுக்கு இசை தெரியும். 2012-ல் தமிழ்நாட்டில் இசை, ஓவியம், தையல், உடற்கல்வி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அப்போது வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் அவர்களுக்கு வேலை. இந்த இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே அறையில் சந்திப்பதே இல்லை. மாதத்தில் ஒரு நாள் அவர்களைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கத்தில் திட்டம் எழுதிவிடலாம். பறையும் டோலக்கும் கானாவும் வடசென்னையின் சொந்தச் சொத்து. அவற்றைத் தெருவில் வாசித்து வளர்ந்த கலைஞர்களை மதிப்பூதியம் கொடுத்து வகுப்புக்கு அழைக்கலாம். தியாகராஜர் வந்து பஞ்சரத்தினம் இயற்றிய, வீணை குப்பய்யரும் திருவொற்றியூர் தியாகய்யரும் வாழ்ந்த ஊரும் இதுதான். இரு மரபுகளும் இந்தப் பிள்ளைகளுக்கு உரியவை.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அந்த மேடையில் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பரிதாப நிகழ்ச்சி வேண்டாம். வகுப்புத் தோழர்களோடு ஒரே குழுவில், தன் பங்குக்கு உரிய அடியை அடித்து வாசிக்கட்டும். அதற்கு ஆறு மாதம் முன்பே பயிற்சி தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

செலவு என்று பார்த்தால் சில பலூன்கள், பத்துத் தீப்பெட்டிகள், ஒரு டோலக், ஒரு பறை, ஒரு மர பெஞ்சு. இவற்றைவிட அரிதானது, காத்திருக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரின் நேரம். பள்ளியின் கால அட்டவணையில் இசை என்று ஒரு பீரியட் இருந்தால், அந்தப் பீரியடில் வகுப்பின் எல்லாப் பெயரும் இருக்க வேண்டும். கேட்டு வாங்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கொடுக்கும் கடமை பள்ளிக்கு உண்டு. எப்படிக் கொடுப்பது என்பதற்கு அறிவியலும் மரபும் சேர்ந்து வழி காட்டிவிட்டன. இனித் தொடங்க வேண்டியதுதான் பாக்கி.